தாய்க்குரலின் சாட்சி

மகளை அழைத்துப்போக வந்த அன்று ஜோவிட்டா புதுத்துணி எதுவும் உடுத்தவில்லை. நாலு வயதில் செரீனாவை விட்டுவிட்டுப் போன அன்றைக்குப் போட்டிருந்த நீலப் பூப்போட்ட சுடிதாரையே தேடி எடுத்துப் போட்டுக்கொண்டாள். பிள்ளைக்கு அடையாளம் தெரியட்டும் என்றுதான். ஆனால் பத்தொன்பது மாத ஆஸ்பத்திரிவாசத்தில் அவள் உடம்பு பாதியாகியிருந்தது. சுடிதார் தோளில் நிற்காமல் சரிந்து சரிந்து விழுந்தது.

மூன்றாம் எண் குழந்தைகள் இல்லத்தின் முன்னறையில் அவளை உட்கார வைத்துவிட்டு, விடுதித்தாய் கோமதி உள்ளே போய்ப் பிள்ளையைக் கூட்டிவந்தாள். செரீனா நன்றாக வளர்ந்திருந்தாள். எண்ணெய் வைத்துச் சீவிய இரட்டைப் பின்னல். கழுத்தில் கறுப்புக் கயிறு, அதில் பிஸ்கட் அளவில் ஒரு வெள்ளை வில்லை.

"செரீனா, ஏட்டி, அம்மா வந்துட்டேன்."

தகரத்தைத் தரையில் இழுத்தது போல வந்தது ஜோவிட்டாவின் குரல். பிள்ளை சட்டென்று கோமதியின் முந்தானைக்குப் பின்னால் ஒதுங்கினாள். கழுத்திலிருந்த வில்லையை எடுத்து உதட்டருகே வைத்துக்கொண்டாள்.

"அம்மா, இது யாரு?"

வில்லையிலிருந்து ஜோவிட்டாவின் குரல்தான் பதில் சொன்னது. நோய்க்கு முந்தைய குரல். மாதா கோயில் பாட்டுக் குழுவில் முன்வரிசையில் நின்று பாடிய குரல். "அதுதாம்ட்டி ஒன் அம்மா. நாஞ் சொல்லிருக்கேம்லா? சீக்கு சரியாயி வந்துட்டா. போ, பயப்படாத."

"அப்ப நீ யாரு?"

வில்லை கொஞ்சம் தயங்கியது. பிறகு, "நான் அவளோட கொரல்," என்றது.

பிள்ளைக்கு அது விளங்கவில்லை. வில்லையை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு, எதிரே நின்ற மெலிந்த பெண்ணைத் தலை முதல் கால் வரை பார்த்தாள். ஜோவிட்டா நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

அவளுக்கு யார் மேலும் குறை சொல்ல வழியில்லை. எல்லாம் அவளே கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததுதான். தூத்துக்குடியில் இறால் பதனிடும் கம்பெனி ஒன்றில் அவளுக்கு வேலை. புருஷன் ரெமிஜியஸ், பிள்ளைக்கு ஒரு வயது ஆகும் முன்பே கடலில் போய்விட்டான். பிறந்த வீடு, புகுந்த வீடு என்று சொல்லிக்கொள்ள யாரும் மிஞ்சவில்லை. அப்படி இருக்கையில் நெஞ்சில் சளி கட்டி, இருமலில் ரத்தம் வந்து, பரிசோதனை செய்து பார்த்தால் எந்த மருந்துக்கும் எளிதில் அடங்காத காசநோய். ஒன்றரை வருஷமாவது தனி வார்டில் இருக்க வேண்டும், பிள்ளை பக்கத்தில் வரவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் இல்லத்தில் தாய்க்குரல் திட்டத்தைப் பற்றிச் சொன்னார்கள். அம்மா மூன்று நாள் ஒரு அறையில் உட்கார்ந்து பேச வேண்டும். கொஞ்ச வேண்டும், அதட்ட வேண்டும், கதை சொல்ல வேண்டும், கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும். அதை வைத்து அவளைப் போலவே யோசித்துப் பேசும் ஒரு குரலை உண்டாக்கி, பிள்ளையின் கழுத்தில் கட்டிவிடுவார்கள். பிள்ளை அழுதால் அது தேற்றும், தூங்கும்போது பாடும். கேட்க மட்டும்தான் அதற்குத் தெரியும், பார்க்கத் தெரியாது. பிள்ளைகள் தங்கும் இடத்தில் கேமரா எதுவும் கூடாதென்று சட்டம்.

ஜோவிட்டா முகக்கவசம் போட்டுக்கொண்டு இருமலுக்கு நடுவே மூன்று நாள் பேசினாள். தான் இல்லாவிட்டாலும் தன் சத்தமாவது பிள்ளைக்கு இருக்குமே என்று அன்றைக்கு அவளுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

நாலாவது மாதம் நோய் தொண்டைக்கு ஏறிக் குரலைத் தின்றது. அதுவரைக்கும் வாரம் ஒருமுறை வீடியோவில் மகளைப் பார்த்து வந்தவள், தன் புதுக் குரலைக் கேட்டுப் பிள்ளை மிரண்டு அழுததைக் கண்டதும், இனிமேல் வேண்டாம் என்று தானே சொல்லிவிட்டாள். சரியாகி வந்து நேரில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். நோய் சரியானது. குரல் சரியாகவில்லை.

இல்லத்திலிருந்து பிள்ளையை அனுப்பும்போது ஒரு நிபந்தனை போட்டார்கள். தொடர் பராமரிப்புச் சட்டப்படி, ஒரு வருஷத்துக்கு மேல் பிள்ளையோடு இருந்த குரலைத் திடீரென்று பறிக்கக் கூடாது. இன்னும் இரண்டு வருஷம் பிள்ளையின் கழுத்திலேயே இருந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைய வேண்டும். சரி என்று ஜோவிட்டா ஒப்புக்கொண்டாள். வேறு என்ன சொல்ல முடியும்? அதே தாளின் பின்பக்கத்தில், பிள்ளைக்கு ஊறு நேர்வது காதில் விழுந்தால் பராமரிப்பாளர் என்ற முறையில் குரல் அதைக் குழந்தைகள் நல மன்றத்துக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டது என்றும் இருந்தது. கோமதி அதையும் வாசித்துக் காட்டத்தான் செய்தாள். ஜோவிட்டாவின் கண் பிள்ளை மேல் இருந்தது.

திரேஸ்புரத்தில் கடலைப் பார்த்த ஒற்றை அறை வீட்டில் இரண்டு பேரும் குடியேறினார்கள். குரலையும் சேர்த்தால் மூன்று பேர்.

முதல் மாதம் முழுக்க, பிள்ளை சாப்பிட, குளிக்க, செருப்புப் போட என்று எல்லாவற்றுக்கும் வில்லையிடம்தான் உத்தரவு கேட்டாள். ஜோவிட்டா சொன்னால் காதில் ஏறாது. குரல், "அம்மா சொல்லுதால்லா, கேளுட்டி," என்றால் கேட்பாள். குரல் நல்லதாகத்தான் இருந்தது. ஜோவிட்டாவை அது ஒருநாளும் விட்டுக்கொடுத்ததில்லை. பிள்ளைக்குப் பிடிக்காதது பூசணிக்காய், பயப்படுவது இடிக்கு, இடது காதில் அடிக்கடி வலி வரும் என்று அவள் இல்லாத பத்தொன்பது மாதத்தை அவளுக்கு ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தது. அதைக் கேட்டுக்கொண்டே மீன் கழுவுவாள். சில நேரம் தன்னையறியாமல் அதோடு பேசிக்கொண்டும் இருப்பாள். ஆனால் அது பாட ஆரம்பித்தால் மட்டும் எழுந்து வாசலுக்குப் போய்விடுவாள்.

இரண்டாம் மாதத்தில் பிள்ளை அவளுக்கு ஒரு பெயர் வைத்தாள். கரகரம்மா. வில்லை அம்மா, இவள் கரகரம்மா. பிறகு ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தவள், பையை எறிந்துவிட்டு நேராக ஓடிவந்து ஜோவிட்டாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். வில்லையிடம் எதுவும் கேட்கவில்லை. ஜோவிட்டா கையிலிருந்த கரண்டியோடு அப்படியே நின்றாள்.

இது கூடிவரும் என்று அவள் நம்பிக்கொண்டிருந்த நேரத்தில்தான் கம்பெனியில் ஒரு சனிக்கிழமை அவசரமாகக் கூப்பிட்டார்கள். உரிக்கும் இயந்திரம் விட்டுவைத்த நரம்பைக் கையால் எடுக்கும் வேலை அவளுக்கு. லோடு கிளம்ப வேண்டும், வராவிட்டால் இனி வர வேண்டாம் என்றார்கள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டு லில்லியம்மா ஊரில் இல்லை. பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தாள். கதவை வெளியே பூட்டிவிட்டு ஓடினாள். ஐம்பது நிமிடத்தில் திரும்பிவிட்டாள். அதற்குள் பிள்ளை எழுந்து, கதவைத் தட்டித் தட்டி அழுது ஓய்ந்திருந்தாள். குரல் அவளுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தது.

அன்றைக்குக் குரல் அவளிடம் அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. ஜோவிட்டாவும் மறந்துவிட்டாள்.

அடுத்த வாரம் சோற்றுத் தட்டின் முன்னால் பிரச்சினை வந்தது. வேலை முடிந்து நிற்க முடியாமல் வந்தவள் சோறு பிசைந்து ஊட்டினாள். பிள்ளை வாயை மூடிக்கொண்டது. கெஞ்சினாள், அதட்டினாள். பிள்ளை தட்டைத் தள்ளிவிட்டு, "எங்கம்மா இப்படித் திட்ட மாட்டா. நீ போ. நீ ஆஸ்பத்திரிக்கே போ," என்றாள்.

ஜோவிட்டாவின் கை அதுவாக எழுந்தது. கன்னத்தில் விழுந்த அடி அவளுக்கே கேட்டது. அடித்த மறுகணமே பிள்ளையை அள்ளி மடியில் போட்டுக்கொண்டாள். இரண்டு பேரும் அழுதார்கள். பிள்ளை அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டே தூங்கிப் போனாள்.

அப்போது குரல் மெதுவாகக் கூப்பிட்டது. "ஜோவிட்டா, இத நாஞ் சொல்லணும். பூட்டிட்டுப் போனதயுஞ் சொல்லியாச்சு. ஒனக்குத் தெரியாம இருக்கக் கூடாதுன்னுதாஞ் சொல்லுதேன்."

பிள்ளையை எழுப்பாமல், மடியில் கிடந்த வில்லையை நோக்கிக் குனிந்து கெஞ்சினாள். வேண்டாம், பிள்ளையைக் கொண்டுபோய்விடுவார்கள், இனி கை ஓங்க மாட்டேன், மாதா மேல் ஆணை என்றாள். தன்னுடைய பழைய குரலிடமே கெஞ்சுகிறோம் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை.

"நீ கெட்டவ இல்லன்னு எனக்குத் தெரியும்," என்றது குரல். "அதயுஞ் சொல்லுவேன். ஆனா கேட்டதக் கேக்கலன்னு சொல்ல எனக்கு வழி கெடயாது."

பதினோரு நாளில் மன்றத்திலிருந்து அழைப்பு வந்தது. இலவச சட்ட உதவியில் அவளுக்கு ஒரு வக்கீலைக் கொடுத்தார்கள். இசக்கிராஜ் என்று பெயர். நாற்பது வயதிருக்கும். கையில் நூற்று நாற்பது வழக்கு இருப்பதாக அவரே சொன்னார். மன்றத்துக்கு எதிரே இருந்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டார். ஒரு யந்திரம் அம்மாவுக்கு எதிராகச் சாட்சி சொல்லலாமா, இந்தச் சட்டத்தை எந்தப் பாவி போட்டான் என்று ஜோவிட்டா கேட்டாள்.

அவர் டீயைக் கீழே வைத்துவிட்டு, பாவிகள் யாரும் போடவில்லை என்றார். வெள்ளைக்காரன் காலத்துச் சட்டத்தில் திருடிய பிள்ளையையும் திக்கற்ற பிள்ளையையும் ஒரே மாதிரிப் பள்ளிக்கூடத்தில் அடைத்து வைத்தார்கள். அது தப்பென்று பிறகு பிரித்தார்கள். குற்றவாளி என்ற சொல்லையே எடுத்தார்கள். இல்லம் என்பது கடைசி வழி, குடும்பம்தான் முதல் வழி என்று எழுதினார்கள். பதிவு இல்லாமல் இல்லம் நடத்தக் கூடாதென்றார்கள். இதெல்லாம் நம் அப்பா தாத்தா காலத்துக் கதை. அதற்கப்புறம் ஏதோ ஒரு ஊரில், ஏதோ ஒரு இல்லத்தில், ஒரு பிள்ளை மாதக்கணக்கில் அடிபட்டுச் செத்தது. சுற்றி இருந்த அத்தனை பேருக்கும் தெரியும், ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. உடனே, பராமரிக்கிற யாராக இருந்தாலும் கேட்டதை, பார்த்ததைச் சொல்லியே ஆக வேண்டும் என்று சட்டம் வந்தது. இன்னொரு பிள்ளை, ஆளுக்கு ஆள் மாறிய வார்டன்களுக்கு நடுவே சாப்பிடாமல் கிடந்தே போய்ச்சேர்ந்தது. அதற்குத்தான் தொடர் பராமரிப்புச் சட்டம்.

"ஒவ்வொண்ணும் ஒரு புள்ள செத்த பெறகு வந்த சட்டம்மா," என்றார் இசக்கிராஜ். "ஒண்ணு ஒண்ணா வாசிச்சா ஒண்ணுலயும் தப்புச் சொல்ல முடியல. எல்லாத்தையும் சேத்து ஒங்க வீட்டுக்குள்ள கொண்டாந்து வச்சாத்தான் இப்படி ஆவுது."

மன்றத்தின் தலைவி மெஹராஜ் பேகம், தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளைச் சேலை, தடித்த கண்ணாடி. குரலை மேசை மேல் வைத்து, நடந்ததைச் சொல்லச் சொன்னார். அந்த அறையில் ஜோவிட்டாவின் இனிய பழைய குரல், கதவு பூட்டிய நேரத்தையும் திறந்த நேரத்தையும் சொன்னது. அடியின் சத்தத்தைச் சொன்னது. பிறகு, அவள் பிள்ளையை மடியில் போட்டு அழுததையும், தனக்கு வைத்த மீனையும் நீயே தின்னு என்று பிள்ளைக்குக் கொடுப்பதையும், பிள்ளை தூங்கியபின் அதன் பெயரைச் சொல்லிச் சொல்லிப் பார்ப்பதையும் சொன்னது. கடைசியாகச் சொன்னதை அது கேட்டுக்கொண்டிருந்தது என்று ஜோவிட்டாவுக்கே தெரியாது.

சாட்சியை எழுதிக்கொண்டிருந்த பெண், "சம்பவங்களுக்கு மட்டுந்தான் மேடம் இதுல கட்டம் இருக்கு," என்றாள். தலைவி அவளை ஒரு பார்வை பார்த்தார். ஆனால் வேறு தாள் அங்கே இல்லை.

ஆறு மாதம் பிள்ளை இல்லத்தில் இருக்கட்டும், ஜோவிட்டா சனிக்கிழமைதோறும் வந்து பார்க்கலாம், பிறகு மறுபடி பரிசீலிக்கலாம் என்று உத்தரவாயிற்று. விதிப்படி அதைவிடக் குறைத்துக் கொடுக்கத் தனக்கு அதிகாரம் இல்லை என்று தலைவி சொன்னார். சொல்லும்போது அவர் ஜோவிட்டாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

வெளியே வந்ததும் இசக்கிராஜ் ஒரு வழி சொன்னார். குரல் அவளுடையது. சம்மதத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்று நாலு வரி எழுதிக் கொடுத்தால் அன்றைக்கே வில்லையை நிறுத்திவிடுவார்கள். சொன்ன சாட்சி அழியாது, ஆனால் இனிமேல் எதுவும் சொல்லாது.

"அப்ப அவ அங்க யார்ட்ட பேசுவா?" என்று கேட்டாள் ஜோவிட்டா.

அவர் பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து நீட்டினார்.

இடி இடித்தால் யார் இருக்கிறார்கள், காது வலித்தால் பிள்ளை யாரிடம் சொல்லும் என்று யோசித்துப் பார்த்தாள். அவளால் எழுத முடியவில்லை. அந்தத் தாளை மடித்து வக்கீலிடமே திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

முதல் சனிக்கிழமை இல்லத்தின் வேப்ப மரத்தடியில் பிள்ளையைக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். கோமதி எட்ட ஒரு நாற்காலியில், மடியில் பதிவேட்டோடு உட்கார்ந்துகொண்டாள். ஜோவிட்டா வாயைத் திறந்ததும் செரீனா எட்டி அவள் வாயைப் பொத்தினாள். கழுத்திலிருந்த வில்லையை இன்னொரு கையால் தொட்டுக் காட்டினாள். பிறகு அம்மாவின் உள்ளங்கையை இழுத்து விரித்து, சுட்டுவிரலால் அதில் எழுதினாள். பள்ளிக்கூடத்தில் அப்போதுதான் எழுத்துக் கூட்டப் பழகியிருந்தாள். முதல் தடவை ஜோவிட்டாவுக்குப் புரியவில்லை. பிள்ளை பொறுமையாக மறுபடி எழுதினாள்.

கே. க். கு. து.

ஜோவிட்டா வில்லையைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள். செரீனா தன் உதட்டின் மேல் விரலை வைத்து அழுத்திக் காட்டினாள். இனி நான் எதுவும் பேச மாட்டேன், பேசினால்தானே அது போய்ச் சொல்லும் என்பது அந்த முகத்தில் எழுதியிருந்தது. பேசியதால்தான் கரகரம்மாவிடமிருந்து பிரித்தார்கள் என்று இந்த ஆறு வயதுத் தலை கணக்குப் போட்டிருக்கிறது. அப்படியெல்லாம் இல்லை, பேசு என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் இன்னொரு தடவை ஏதாவது வாய் தவறி விழுந்து ஆறு மாதம் ஒரு வருஷமாகிவிட்டால்? அவளும் தலையாட்டினாள்.

அதன்பின் ஒவ்வொரு சனிக்கிழமையும் அவர்களுக்கு ஒரு திருவிழாவாக இருந்தது. பிள்ளை எழுதுவாள்: பல் விழுந்தது. பூனை குட்டி போட்டது. மீன் வேணும். வீட்டுக்கு எப்போ? ஜோவிட்டா அவள் பிஞ்சு உள்ளங்கையில் பதில் எழுதுவாள். கூசும், பிள்ளை சத்தம் வராமல் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பாள். தொண்டைக்கு ஓய்வு கொடுக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். பேச வேண்டாத இந்த ஒரு மணி நேரத்தில் தன் குரலைப் பற்றிய வெட்கம்கூட ஜோவிட்டாவுக்கு மறந்திருந்தது. கடைசிச் சனிக்கிழமை செரீனா எழுதியது ஒரே சொல். அம்மா. கரகர என்பதை விட்டுவிட்டாள். ஜோவிட்டா அன்றைக்கு பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல், அந்தக் கையை மூடி வைத்துக்கொண்டே வீடு வந்தாள்.

எட்டத்திலிருந்து பார்த்த கோமதிக்கு, தாயும் மகளும் கையைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பதுதான் தெரிந்தது. மனசு கேட்காமல் ஒருநாள், ஏதாவது பேசேம்மா என்று பிள்ளையிடம் சொல்லியும் பார்த்தாள். பிள்ளை தலையைக் குனிந்துகொண்டது. பொய் எழுதக் கோமதிக்கு வராது. சந்திப்பு நடந்தது, பேச்சு இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

மறு பரிசீலனை நாளன்று இசக்கிராஜ் மன்றத்து வாசலில் ஒரு தாளை வைத்துக்கொண்டு நின்றார். முகம் சரியில்லை. அன்று காலையில்தான் குரலின் ஆறு மாத அறிக்கை கைக்கு வந்ததாம். பிள்ளை தொடர்ந்து நூற்றெண்பது நாள் தாயைத் தேடவில்லை என்றால், பாசப் பிணைப்பு அற்றுப்போனதாகக் கருதி, பிள்ளையை வேறொரு நிரந்தரக் குடும்பத்துக்குக் கொடுக்கலாம் என்று சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. கைவிடப்பட்ட பிள்ளைகள் இல்லத்திலேயே கிடந்து வயசாகிப் போகக் கூடாதென்று போட்ட பிரிவு. இந்த வழக்குக்கு அது வரும் என்று தான் கனவிலும் நினைக்கவில்லை என்றார்.

உள்ளே தலைவி குரலிடம் கேட்டார். இந்த ஆறு மாதத்தில் பிள்ளை தாயைப் பற்றிப் பேசியதா?

"இல்ல," என்றது ஜோவிட்டாவின் பழைய குரல். "ஒரு தடவகூடப் பேசல. நானா அவளப் பத்திச் சொன்னாலும் வாயத் தெறக்கமாட்டா."

"ஏன்னு தெரியுமா?"

"எனக்குத் தெரியல மேடம். அது எனக்குக் கேக்கல."

ஜோவிட்டா எழுந்து நின்றாள். உள்ளங்கையில் எழுதியதையெல்லாம் சொன்னாள். பல் விழுந்ததை, பூனைக் குட்டியை, வீட்டுக்கு எப்போ என்று கேட்டதை. பாதிச் சொற்கள் வெறும் காற்றாக வந்தன. எனக்காகத்தான் மேடம் அவள் பேசாமல் இருக்கிறாள் என்றாள். தலைவி கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு நம்ப வேண்டும் போல இருந்தது, அது முகத்தில் தெரிந்தது. பிள்ளையைக் கூட்டிவரச் சொன்னார். இங்கே ஒரே ஒரு சொல் எழுதிக் காட்டினாலும் போதும், நான் குறித்துக்கொள்கிறேன் என்றார்.

செரீனா வந்தாள். தலைவி அவளை அருகில் அழைத்து, அம்மாவிடம் எப்போதும் கையில் எழுதுவாயாமே, எனக்கும் காட்டுகிறாயா என்று அன்பாகக் கேட்டார். பிள்ளை அறையைச் சுற்றிப் பார்த்தாள். எழுதுகிற பெண், வக்கீல், கோமதி. தன் கழுத்தில் வில்லை.

ஜோவிட்டா முட்டி போட்டு அமர்ந்து, உள்ளங்கையை விரித்து நீட்டினாள். "எழுதுட்டி. இப்ப எழுதலாம். ஒண்ணுஞ் செய்யமாட்டாவ. எழுது."

"எழுது செல்லம்," என்றது குரலும்.

பிள்ளை அந்தக் கையைப் பார்த்தாள். தன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்க் கோத்துக்கொண்டாள். உதடுகளை உள்ளே மடித்து இறுக்கினாள். பிறகு, யாருக்கும் தெரியாமல் அம்மாவுக்கு மட்டும் தெரியும்படி, மெல்ல ஒருமுறை தலையை ஆட்டினாள். நான் சொல்ல மாட்டேன், நீ பயப்படாதே என்பது போல. அவள் கண்ணில் அப்படி ஒரு பெருமை இருந்தது.

ஜோவிட்டா கையை மடக்காமல் அப்படியே இருந்தாள். எழுதிக்கொண்டிருந்த பெண் தலைவியைப் பார்த்தாள். தலைவி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, எழுதுங்கள் என்றார்.